வீட்டு லேத்தில் பழகுபவர் எந்த எஃகை வாங்குவது நல்லது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில், பின்கட்டு அறையில், ஒரு சிறிய மேசை லேத் (கம்பியைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்) வாங்கி வைத்திருக்கிறீர்கள். வன்பொருள் கடையில் விசாரித்தபோது "மைல்டு ஸ்டீல்தான் மென்மையானது, பழகுவதற்கு அதுவே போதும்" என்று சொல்லி 20 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி கொடுத்தார்கள். அதைக் கடைந்தால் மேற்பரப்பு கிழிந்தாற்போலச் சொரசொரப்பாக வருகிறது. வெட்டும் கருவியான டூலின் கார்பைடு முனையைப் புதிதாக மாற்றிப் பார்த்தும் பெரிய மாற்றமில்லை. எனவே, எளிதில் வெட்டக்கூடிய எஃகு எது, அதை இங்கே என்ன பெயர் சொல்லி வாங்குவது என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: மென்மையான எஃகு ஏன் ஒழுங்காக வெட்டுப்படவில்லை, குற்றம் பொருளிலா, டூலிலா, உங்கள் கையிலா என்பது. அதற்கு விடை தெரியாமல் எஃகின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால், அடுத்த கம்பியிலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். நான் ஜூரோங்கில் ஓர் இயந்திரப் பட்டறையில் பயிற்சியாளனாகச் சேர்ந்து, கடைசல் பிரிவிலேயே பல ஆண்டுகள் வேலை செய்தவன். இளையவர்களுக்கு லேத் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். உலோகவியல் படித்தவன் அல்லன். பட்டறையில் கண்டதையும், எஃகுத் தரநிலை அட்டவணைகளில் உள்ளதையும் வைத்தே எழுதுகிறேன்.

சுருக்கமான விடை: ஜப்பானியத் தரநிலையில் எஸ்யூஎம்24எல் எனப்படும், ஈயம் சேர்த்த எஃகை வாங்குங்கள். அமெரிக்க வழக்கில் அது 12எல்14. அது கிடைக்காவிட்டால், ஈயமில்லாத எஸ்யூஎம்23 அல்லது 1215. மைல்டு ஸ்டீல் என்று மட்டும் சொல்லி விற்கப்படும் கம்பியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இதற்கான காரணம் தெரிந்தால்தான் எப்போது இந்த எஃகை வாங்கக் கூடாது என்பதும் புரியும்.

மென்மையும் வெட்ட எளிதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மைல்டு ஸ்டீல் போன்ற கார்பன் குறைந்த எஃகு மென்மையானது, ஆனால் இழுபடும் தன்மை மிகுந்தது. டூல் அதை வெட்டும்போது உலோகம் சட்டென்று முறிந்து விலகாமல், இழுபட்டு, அழுந்தி, முனையின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. கட்டியாக உறைந்த வெல்லம் கத்தி பட்டதும் தெறித்து உடைவதற்கும், பாகுபதத்தில் இருக்கும் வெல்லம் கத்தியோடு சேர்ந்து இழுபடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. உங்கள் கம்பியில் அடுத்த முறை ஒரு வெட்டு ஓட்டி முடித்ததும் லேத்தை நிறுத்தி, டூலைப் பின்னுக்கு இழுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் அதன் முனையைப் பாருங்கள். வெட்டும் விளிம்பின் மேல், கடுகை விடச் சிறியதாக, வெள்ளி நிறத்தில் ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. எண்ணெய்க்கல்லை வைத்துத் தள்ளினால்தான் உதிரும். அது உங்கள் கம்பியின் எஃகு. வெட்டும் அழுத்தத்திலும் சூட்டிலும் முனையோடு பற்றிக்கொண்டு, அதுவே வெட்டும் விளிம்பாக மாறிவிடுகிறது. கொஞ்சம் வளர்ந்ததும் பெயர்ந்து, ஒரு பகுதி சுருளோடு போகிறது, ஒரு பகுதி நீங்கள் கடைந்த பரப்பின் மேல் அப்பிக்கொள்கிறது. மறுபடி வளர்கிறது, மறுபடி பெயர்கிறது. நீங்கள் பார்க்கும் கிழிசலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெரிய லேத்தில் வேகத்தைக் கூட்டி இதை வெல்லலாம், ஏனெனில் வேகம் ஏறும்போது இந்த ஒட்டல் குறைந்துவிடும். மேசை லேத்தில் அந்த வேகத்தில் வெட்டுவதற்கு வேண்டிய வலிமையும் விறைப்பும் இருப்பதில்லை. ஆகவே, பெரிய இயந்திரத்தில் பரவாயில்லை என்று விடக்கூடிய ஒரு பொருள் சிறிய இயந்திரத்தில் மனத்தை ஒடிக்கிறது. உங்கள் கைமீது முழுப் பழியையும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எளிதில் வெட்டுவதற்கென்றே தயாரிக்கப்படும் எஃகில், மற்ற எஃகுகளில் தவிர்க்கப்படும் கந்தகத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். எஸ்யூஎம்24எல் எஃகில் கந்தகம் 0.26 முதல் 0.35 விழுக்காடு வரை இருக்கும், கார்பன் 0.15 விழுக்காட்டுக்கு மேல் போகாது. கந்தகம் இரும்போடு சேர்ந்தால் எஃகு சூட்டில் விரிசல் விடும் என்பதால், அதைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மாங்கனீசும் சேர்ப்பார்கள், 0.85 முதல் 1.15 விழுக்காடு வரை. இரண்டும் சேர்ந்து மாங்கனீசு சல்பைடு என்னும் நுண்ணிய இழைகளாக எஃகு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. டூல் அவற்றை எட்டும் ஒவ்வோர் இடத்திலும் சுருள் முறிவதற்கு வழி கிடைக்கிறது. ஈயம் வேறு விதமாக உதவுகிறது. அது எஃகில் கரைவதில்லை. மிகச் சிறிய துளிகளாகத் தனியே நிற்கிறது. ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும் என்பதால், வெட்டும் இடத்துச் சூட்டில் அது டூலுக்கும் சுருளுக்கும் இடையே மசகுபோல வேலை செய்து, ஒட்டலைக் குறைக்கிறது. விளைவைக் கண்ணாலேயே காணலாம்: மைல்டு ஸ்டீலில் நீண்ட கம்பிச் சுருள் டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு கையைக் கிழிக்க வரும், ஈயம் சேர்த்த எஃகில் 6, 9 எழுதினாற்போலச் சிறு துண்டுகள் பொலபொலவென்று தட்டில் உதிரும். கடைந்த துண்டைக் கம்பியிலிருந்து அறுத்தெடுக்கும் பார்ட்டிங் வேலையின்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். சிறிய லேத்தில் எஃகை அறுத்தெடுக்க முடியவே முடியாது என்று கைவிட்டவர்கள், இந்த எஃகில் அதைச் செய்து முடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சிங்கப்பூரில் ஜப்பானிய, அமெரிக்க, பிரிட்டிஷ் வழக்குகள் மூன்றும் ஒரே கடையில் கலந்து புழங்கும். ஜப்பானிய எஸ்யூஎம்24எல், அமெரிக்க 12எல்14, பழைய பிரிட்டிஷ் வழக்கில் ஈயம் சேர்த்த ஈஎன்1ஏ, ஜெர்மானியத்தில் 11எஸ்எம்என்பிபி30 ஆகியவை அச்சு அசலாக ஒன்றல்ல. ஆனால் உங்கள் தேவைக்கு ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிக்கொள்ளலாம். ஈஎன்1ஏ என்று மட்டும் சொன்னால் ஈயமில்லாத வகையும் வரக்கூடும், எனவே ஈயம் சேர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். ஈஎன்8 என்பது முற்றிலும் வேறு, அது 0.4 விழுக்காடு அளவில் கார்பன் உள்ள எஃகு, ஜப்பானிய எஸ்45சி வகைக்குப் பக்கத்தில் வரும். பெயர் ஒரே எழுத்துகளில் தொடங்குவதால் கடையில் இவ்விரண்டும் மாறிவிடுவதுண்டு.

ஓர் எஃகு எவ்வளவு எளிதில் வெட்டுப்படும் என்று குறிக்கும் வெட்டுமை எண்கள் என்று சில அட்டவணைகள் உலவுகின்றன. அமெரிக்க வழக்கில் 1212 என்னும் எஃகை 100 என்று வைத்து, 1215 எஃகை 136 என்றும், 12எல்14 எஃகை 160 முதல் 190 வரையிலும், மைல்டு ஸ்டீல் வகையான 1018 எஃகை எழுபதுகளிலும், எஸ்45சி வகையான 1045 எஃகை ஐம்பதுகளின் நடுவிலும், 304 துருப்பிடிக்காத எஃகை 45 அளவிலும் குறிப்பார்கள். வரிசையை நம்பலாம், எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே எஃகுக்கு இரண்டு அட்டவணைகள் இரண்டு எண் தருவதைச் சாதாரணமாகக் காணலாம். அதைவிட முக்கியமாக, அந்த எண் பெரும்பாலும் டூல் எவ்வளவு நேரம் தாங்கும், எந்த வேகத்தில் தாங்கும் என்பதை வைத்துக் கணக்கிட்டது. மேற்பரப்பு எப்படி வரும் என்பதை அது சொல்வதில்லை. அட்டவணைப்படி 1018 எஃகு 1045 எஃகைவிட எளிது. ஆனால் மேசை லேத்தின் மெதுவான வேகத்தில், கூரான டூலில், எஸ்45சி பல சமயம் மைல்டு ஸ்டீலைவிட வழவழப்பாக வருகிறது, ஏனெனில் கார்பன் கூடியதால் இழுபடும் தன்மை குறைந்திருக்கிறது. கார்பன் கூடினால் கடினம், கடினம் என்றால் தொடக்கக்காரருக்கு ஆகாது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் உங்களிடம் இருக்கும் கம்பி என்னவாக இருக்கும்? பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. எஸ்எஸ்400 எனப்படும் கட்டுமான வகை எஃகாக இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தரநிலை குறைந்தது 400 மெகாபாஸ்கல் இழுவலிமை வேண்டும் என்கிறது. பாஸ்பரசும் கந்தகமும் 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. கார்பன் எவ்வளவு என்று கட்டாயப்படுத்துவதில்லை. கட்டுமானத்துக்கு அது போதும். லேத்துக்கு வரும்போது, இந்த வாரம் வாங்கிய கம்பியும் அடுத்த மாதம் வாங்கும் கம்பியும் ஒரேமாதிரி வெட்டுப்படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பழகுபவருக்கு இதுதான் பெரிய கேடு என்பது என் எண்ணம். பொருள் இன்னதென்று தெரிந்தால், சரியாக வராதபோது டூலின் கோணத்தையோ மைய உயரத்தையோ (டூல் முனை கம்பியின் மையத்துக்கு நேராக நிற்கிறதா என்பதை) வேகத்தையோ சந்தேகிக்கலாம். பொருளே தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும், ஒன்றையும் கற்றுக்கொள்ள முடியாது. கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பி, பழைய போல்ட்டு, எதிலிருந்தோ கழற்றிய தண்டு ஆகியவற்றை முதல் சில மாதங்களுக்குத் தொடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சில தண்டுகளின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அரம் வழுக்கிக்கொண்டு போனால் அதை லேத்தில் ஏற்ற வேண்டாம்.

கம்பியின் தோலையும் பாருங்கள். கருநீலச் செதிலோடு இருப்பது சூட்டில் உருட்டியது. அந்தச் செதில் கடினமானது, டூலை அரிக்கும். முதல் வெட்டிலேயே அதற்கும் அடியில் இறங்கிவிட வேண்டும். பளபளப்பாக, அளவு சுத்தமாக இருக்கும் பிரைட் பார் குளிர்ந்த நிலையில் இழுத்தது. எளிதில் வெட்டும் எஃகு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். இழுத்ததால் அது சற்று விறைத்திருக்கும், அது வெட்டுக்கு நல்லது. ஆனால் தோலுக்கடியில் இறுக்கம் தங்கியிருக்கும். நீளத் தண்டில் ஒரு பக்கம் மட்டும் சாவிப்பள்ளம் (சக்கரத்தைப் பூட்டும் ஆப்புக்கான நீளப் பள்ளம்) எடுத்தால் வளைந்துகொள்ளும். குட்டையான, உருண்டையான வேலைகளில் இது பொருட்டே அல்ல.

வாங்குவதைப் பற்றி. துவாஸ், ஜூரோங், சுங்கை காடுட் பக்கம் இருக்கும் எஃகு மொத்த விற்பனையாளர்கள் முழுக் கம்பியாக விற்கவே விரும்புவார்கள். 25 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 3.85 கிலோ எடை. 3 மீட்டர் என்றால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல். அதை எம்ஆர்டி ரயிலில் எடுத்து வர முடியாது. வெட்டித் தரச் சொன்னால் வெட்டுக்கூலி சேரும். பழைய சுங்கை ரோடு சந்தை இருந்த காலத்தில் துண்டுகளைப் பொறுக்கி வாங்கலாம். அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. நான் பரிந்துரைக்கும் வழி வேறு. உபி, காக்கி புக்கிட் போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு துல்லியப் பொறியியல் பட்டறைகளில் தானியங்கி லேத்துகள் கம்பியை உள்ளிழுத்து உள்ளிழுத்துக் கடைகின்றன. கம்பி தீரும்போது கடைசித் துண்டு ஒன்று பிடிப்பில் எஞ்சிவிடும். பட்டறைக்கு அது பழைய இரும்பு, உங்களுக்கு அது ஒரு மாத வேலை. மதிய உணவு நேரத்தில் போய்ப் பணிவாகக் கேளுங்கள், விலை கொடுப்பதாகவும் சொல்லுங்கள். கேட்கும்போது, "இந்தத் துண்டு என்ன கிரேடு அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டு, வாங்கிய இடத்திலேயே மார்க்கர் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். வீட்டில் ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையில் வண்ணம் பூசி, எப்போதும் மறுமுனையிலிருந்தே அறுத்தெடுங்கள். கடைக்காரர்கள் பூசியிருக்கும் வண்ணத்தைப் பொருளின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கடைக்குக் கடை மாறும். தொடக்கத்தில் 12, 20, 25 மில்லிமீட்டர் ஆகிய மூன்று தடிமன் போதும்.

நல்ல எஃகு வந்துவிட்டாலும் டூலும் வேகமும் சரியாக இருக்க வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் என்னும் எஃகால் ஆன டூலில் மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் வெட்டுவேகம். ஈயம் சேர்த்த எஃகுக்கு 45 மீட்டர் தாராளமாகப் போகலாம். வெட்டுவேகத்தை 320ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் கம்பிக்கு முதலாவது 480க்குள், இரண்டாவது 720. நீங்கள் கார்பைடு முனையை மாற்றியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும். பொதுவான கார்பைடு முனைகளின் விளிம்பு உறுதிக்காகச் சற்று மழுக்கப்பட்டிருக்கும். அவை நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல், ஆழமான வெட்டில் வேலை செய்யப் பிறந்தவை. மெதுவாக, மெல்லிசாக வெட்டினால் வெட்டாமல் தேய்க்கும். நீங்களே கல்லில் தீட்டிய ஹைஸ்பீடு டூலோ, அலுமினியத்துக்கென விற்கப்படும் மெருகேற்றிய கூரான கார்பைடு முனையோ சிறிய லேத்தில் எவ்வளவோ மேல். டூலின் முனை மைய உயரத்தில் துல்லியமாக நிற்கட்டும். ஆரத்தில் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் ஆழம், சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டருக்குள் ஃபீடு (டூல் கம்பியின் நீளவாக்கில் நகரும் அளவு), தூரிகையால் தொட்டுவைத்த வெட்டு எண்ணெய் ஆகியவற்றோடு தொடங்குங்கள். உங்கள் லேத்தின் விறைப்பு எனக்குத் தெரியாது. அதிர்ந்தால் முதலில் கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறையுங்கள், பிறகு வேகத்தைக் குறையுங்கள். ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போனால் தேய்ப்பில்தான் முடியும்.

இந்த எஃகை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டு எளிதாக வேண்டும் என்று உள்ளே விட்ட சல்பைடு இழைகள் கம்பியின் நீளவாக்கில் நீண்டு கிடக்கின்றன; குறுக்கே வரும் அடியையும் திரும்பத் திரும்ப வரும் வளைவையும் அவை தாங்கவிடாது. பாரம் தூக்கும் கொக்கி, மிதிவண்டி அச்சு, மின்ஸ்கூட்டர் பாகம், ஒருவர் உயிர் நம்பியிருக்கும் எதையும் இதில் செய்யாதீர்கள். பற்றவைக்கவும் கூடாது: கந்தகத்தால் பற்று விரிசல் விடும், ஈயப்புகை நுரையீரலுக்குப் போகும். கார்பன் குறைவு என்பதால் சுட்டுக் குளிர்வித்தாலும் உள்வரை கடினமாகாது. சுத்தியல் தலை, அடி வாங்கும் தண்டு ஆகியவற்றுக்கு எஸ்45சி. புள்ளி குத்தும் பஞ்ச்சு, சிறு வெட்டுக்கருவி ஆகியவற்றுக்கு, சுட்டுக் கடினப்படுத்தக்கூடிய கார்பன் மிகுந்த சில்வர் ஸ்டீல். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நண்பர்கள் 304 துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகளை அன்போடு கொண்டுவந்து தருவார்கள். நன்றி சொல்லி எடுத்து வையுங்கள். டூல் ஒரு கணம் தேய்த்தாலும் அந்தப் பரப்பு இறுகிவிடும், பிறகு உள்ளே இறங்கவே மறுக்கும். துருப்பிடிக்காத எஃகு கட்டாயம் வேண்டுமென்றால் கந்தகம் சேர்த்த 303 கேளுங்கள்.

ஈயத்தைப் பற்றிப் பயப்படவும் வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம். எஃகில் அதன் அளவு 0.35 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் அபாயப் பொருள் கட்டுப்பாட்டு விதியிலும் வெட்டு எஃகுக்கு இந்த அளவு வரை விலக்கு உண்டு. சாதாரணக் கடைசலில் ஈயம் ஆவியாகிக் கிளம்புவதில்லை. ஆனால் உங்கள் பட்டறை வீட்டுக்குள் இருக்கிறது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்; எண்ணெய் படிந்த துணியைக் குடும்பத் துணியோடு துவைக்காதீர்கள்; அந்த எஃகை மணல்காகிதத்தால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வீட்டில் தவழும் பிள்ளையோ கருவுற்றவரோ இருந்தால், சற்று வெட்டுச்சுகம் குறைந்தாலும் ஈயமில்லாத எஸ்யூஎம்23 வாங்குவதே சரி. நாம் வீட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள். முறிந்து விழும் அந்தச் சிறு துண்டுகள் ஊசிபோலக் குத்தும். லேத்துக்கு அடியில் உயர்ந்த விளிம்புள்ள தட்டு, அந்த அறைக்கென்றே ஒரு செருப்பு, பாலித்தீன் பைக்குள் போட்டுக் கூட்டும் ஒரு காந்தம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல்; கடைந்து முடித்த பாகத்தை வியர்வைக் கையோடு தொட்டு வைத்தால் மறுநாளே விரல்ரேகை துருவாகத் தெரியும். துடைத்து, எண்ணெய் தடவி, மூடி வையுங்கள்.

அலுமினியத்திலும் பித்தளையிலும் தொடங்கினால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். தொடங்கலாம், 6061 அலுமினியமும் வெட்டுப் பித்தளையும் இதைவிட எளிது. ஆனால் எஃகு கற்க வேண்டுமென்பது உங்கள் ஆசை. அதற்கு எஃகில்தான் கை பழக வேண்டும். முதல் வேலையாக 20 மில்லிமீட்டர் கம்பியில் மூன்று படிகள் கொண்ட ஒரு சிறு தண்டைக் கடைந்து, ஒவ்வொரு படியையும் 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவரப் பாருங்கள். பிறகு டெய்ல்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனையில் நிற்கும் தாங்கியில்) மாட்டும் டை பிடிப்பான், அதாவது மரை வெட்டும் டையைப் பிடிக்கும் கருவி, செய்யுங்கள். அதில் துளை, உட்கடைசல், படி, பார்ட்டிங் எல்லாமே வந்துவிடும், செய்து முடித்தபின் லேத்துக்கே உதவும். அதையும் செய்து முடித்தபின் இப்போது உங்களிடம் இருக்கும் அந்தப் பெயர் தெரியாத கம்பியை மறுபடி ஏற்றி, அதே டூல், அதே ஆழத்தில் ஒரு வெட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இரண்டிலும் கிழிசல் வந்தால் குற்றம் எஃகில் இல்லை. டூலின் பக்கவாட்டுப் படமும், மைய உயரத்தை எப்படி வைத்தீர்கள் என்ற விவரமும், ஓட்டிய வேகமும் எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.